கல்விப் பேரவைக்கு எட்டுக் கையெழுத்து

கனிமொழி ஊரை விட்டுக் கிளம்பியது ஜூன் மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கே விருத்தாசலம் ஜங்ஷனில் வெயில் ஏறியிருந்தது. கம்மாபுரத்திலிருந்து அப்பாவின் வண்டியில், முதுகில் ஒரு பையும் மடியில் ஒரு பெட்டியுமாக வந்து இறங்கினாள். சென்னை போய் ரயில் மாறினால் மூன்றாம் நாள் குஜராத்தில் மோர்பி. டைல்ஸ் கம்பெனிகள் வரிசை கட்டி நிற்கும் ஊர். அங்கே ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது.

வழியனுப்ப வந்தவர்களில் நீலாவதியும் இருந்தார். அவள் படித்த கல்லூரியில், பீங்கான் பாடம் நடத்தும் செராமிக் துறையின் தலைவர். பிள்ளைகளை வழியனுப்ப ஸ்டேஷன் வரை வருகிற சுபாவம் அவருக்குக் கிடையாது. வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது.

"ஒரு பேப்பர் நிக்குது. ஞாபகம் இருக்குதா?"

"நவம்பர்ல லீவு போட்டு வந்து எழுதிடறேன் மேடம்."

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்றீங்க. ரயில் ஏறினதும் நவம்பர் எந்த மாசம்னு மறந்துடுது."

பக்கத்தில் நின்ற அப்பா தலையைச் சொறிந்தார். "அது என்னாலதாங்க போச்சு."

அவர் சொன்னது உண்மைதான். சுரங்கத்துக்கு அவர்கள் நிலத்தை எடுப்பது பற்றிய விசாரணையும் கனிமொழியின் கடைசித் தேர்வும் ஒரே நாளில் வந்தன. நோட்டீஸைப் படித்துப் பதில் சொல்ல வீட்டில் வேறு ஆள் இல்லை. மகள் தாலுகா ஆபீஸுக்குப் போனாள். 'கரி உலைகள்' என்ற தாள் அப்படியே நின்றுபோனது.

ரயில் வந்தது. கனிமொழி போனாள். நீலாவதி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குத் திரும்பினார்.

நீலாவதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவருடைய அப்பா ஊரின் பீங்கான் தொழிற்பேட்டையான செராமிக் எஸ்டேட்டில், மின்கம்பத்துக்கு இன்சுலேட்டர் செய்கிற கம்பெனி ஒன்றில் உலைக்குக் கரி அள்ளிப் போட்டவர். மகள் டிப்ளமா முடித்து அதே எஸ்டேட்டில் சோதனைக்கூட வேலை பார்த்தார், அஞ்சல் வழியில் படித்தார், முப்பதாவது வயதில் பட்டம் வாங்கினார், நாற்பத்தொன்றில் முனைவர் ஆனார். இப்போது ஐம்பத்து நான்கு. குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. சிவப்புப் பேனா இல்லாமல் பார்த்ததும் இல்லை.

அவர் வேலை பார்க்கிற கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி. என்ன பாடம், எத்தனை மணி நேரம், எந்தத் தேர்வு என்பதையெல்லாம் கல்லூரியே முடிவு செய்துகொள்ளும். துறையில் எழுதிய பாடத்திட்டம் முதலில் அந்தத் துறையின் பாடத்திட்டக் குழுவுக்குப் போகும். அங்கிருந்து கல்விப் பேரவைக்கு வரும். பேரவையில் இருபத்து நான்கு பேர். துறைத் தலைவர்கள், சில ஆசிரியர்கள், பல்கலைக்கழகம் அனுப்புகிறவர்கள், வெளியே தொழில் செய்கிற சிலர். கல்லூரி முதல்வர்தான் தலைவர். வருஷத்துக்கு இரண்டு முறை கூடுவார்கள். அந்த அறையில் கை தூக்கினால்தான் வெளியே வகுப்பறையில் ஒரு பாடம் நடக்கும்.

ஆனால் நாற்பது ஐம்பது பொருள்களை ஒரே முற்பகலில் முடித்தாக வேண்டும். இருநூறு பக்க அறிக்கை முந்தின நாள் சாயங்காலம்தான் வாட்ஸப்பில் வரும். பெரும்பாலானவர்கள் தங்கள் துறை வரும்போது நிமிர்ந்து உட்கார்வார்கள். மற்ற நேரத்தில் போண்டா இருக்கும், டீ இருக்கும். நீலாவதி மட்டும் எல்லாத் துறையின் வரைவையும் முன்கூட்டியே கேட்டு வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் படிப்பார். வரலாறு, வணிகவியல், கணிதம் எதையும் விட மாட்டார். அறுபது பேருக்குப் பன்னிரண்டு கம்ப்யூட்டரை வைத்துச் செய்முறை வகுப்பு எழுதியிருந்த துறையிடம், "ஒரு கம்ப்யூட்டருக்கு அஞ்சு பேரு. ஆளுக்கு ஒரு வெரலா?" என்று கேட்டவர் அவர்தான். அந்த வருஷமே இன்னும் இருபது கம்ப்யூட்டர் வந்தது.

அவருக்கு ஆகவே ஆகாத ஒரு வரி உண்டு. 'பட்டியல் பின்னர் இணைக்கப்படும்.' எந்த ஃபைலில் அதைக் கண்டாலும் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்புவார். "பின்னர்னா என்னா கெழமைங்க?" என்று ஓரத்தில் ஒரு கேள்வியும் இருக்கும்.

கனிமொழி அந்த நவம்பரில் வரவில்லை. புதிதாகச் சேர்ந்தவளுக்கு லீவு கொடுக்கவில்லை. அடுத்த ஏப்ரலில் டைபாய்டு. அதற்கடுத்த நவம்பரில் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றது. அதற்குப் பிந்தைய ஏப்ரலில் நிலத்துக்கான இழப்பீடு சம்பந்தமாக அப்பா அலைந்துகொண்டிருக்க, அவள் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே மறந்தாள். இரண்டு வருஷம் ஓடிப்போனது. பட்டம் இல்லாதவர்களைச் சோதனைக்கூடத்திலிருந்து எடுத்து டைல்ஸ் பொறுக்கும் லைனில் போடப் போவதாகவும், மார்ச்சுக்குள் சான்றிதழ் காட்டினால் தப்பலாம் என்றும் கம்பெனி சொன்ன பிறகுதான் அவளுக்குத் திக்கென்றது. அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை காலை நீலாவதிக்கு ஃபோன் வந்தது.

"மேடம், அப்ளை பண்ண காலேஜ் வெப்சைட்டுக்குள்ள போனா என் பேப்பரே இல்ல மேடம். கரி உலைகளையே காணோம்."

"நல்லாப் பாரு."

"நாலு தடவ பாத்துட்டேன் மேடம். இருபத்தொண்ணாந்தேதியோட முடியுதுன்னு போட்டுருக்குது."

நீலாவதிக்குக் காரணம் உடனே தெரிந்தது. பாடத்திட்டம் மாறியிருந்தது. ஊரில் கரி உலை வைத்திருந்தவர்கள் எரிவாயுவுக்கு மாறிவிட்டதால் அவரே 'கரி உலைகள்' தாளை எடுத்துவிட்டு 'வாயு உலைகள்' என்று புதிய தாள் வைத்திருந்தார். எடுத்துவிட்ட தாளுக்கு இன்னும் நான்கு முறைதான் தேர்வு நடத்துவார்கள். அந்த நான்கையும் கனிமொழி விட்டிருந்தாள். அதற்குப் பிறகும் பாஸாகாதவர்கள் அதற்கு இணையான புதிய தாளை எழுதலாம். எது எதற்கு இணை என்ற பட்டியலைப் பேரவை ஏற்றிருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். பட்டியலை எடுத்துத் தேர்வுப் பிரிவில் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிடும்.

ஆபீஸுக்குப் போய்ப் பேரவையின் பழைய நடவடிக்கைக் குறிப்பைப் பிரித்தார். பொருள் எண் முப்பத்தொன்று, செராமிக் துறை. கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி: இணைத் தாள் பட்டியல் பின்னர் இணைக்கப்படும். கீழே அவருடைய கையெழுத்து.

நின்றபடியே அதை இரண்டு முறை படித்தார். ஊரார் ஃபைலையெல்லாம் படித்த அந்த வாரத்தில் தன் ஃபைலைப் படிக்க அவருக்கு நேரம் இருந்திருக்கவில்லை.

முதல்வர் ஆனந்தராஜ் நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"இதுக்கா மேடம் மொகத்த இப்பிடி வச்சிருக்கீங்க? பட்டியல ஒரு ஷீட்டுல டைப் பண்ணுங்க. அன்னிக்குத் தேதி போட்டுக் குறிப்போட சேத்து பின் அடிச்சிடலாம். விட்டுப்போனதத்தான வைக்கறோம்?"

"அன்னிக்கு அது இல்லயே சார்."

"யாரு பாக்கப் போறாங்க?"

"பாக்கற அன்னிக்கு அந்தப் பொண்ணு பட்டம்தான் சார் கேள்வியாவும். நம்ம சொருகின தாளு மேல அவ நிக்கணும். வேணாம் சார்."

"அடுத்த பேரவை பிப்ரவரியில. அவளுக்கு அதுவரிக்கும் டைம் இருக்குதா?"

"இல்ல. சிறப்புக் கூட்டம் கூட்டலாம். விதியில இருக்குது. மூணுல ஒரு பங்கு பேர் கையெழுத்துப் போட்டுக் கேக்கணும். எட்டுப் பேரு. முழுசா பத்து நாள் முன்ன நோட்டீஸ் குடுக்கணும்."

முதல்வர் காலண்டரைப் பார்த்தார். விண்ணப்பம் முடிகிற இருபத்தொன்றாம் தேதி காலையிலேயே கூட்டம் நடந்தாக வேண்டும். அப்படியானால் நோட்டீஸ் இந்த வெள்ளிக்கிழமை போக வேண்டும். இன்னும் ஐந்து நாள் கூட முழுசாக இல்லை.

"எட்டு கெடைக்கலன்னா?"

"கெடைக்கலன்னா அந்தப் பொண்ணுகிட்ட நான்தான் சொல்லணும்."

கோரிக்கைத் தாளைத் தானே எழுதினார். 'செராமிக் துறைத் தலைவரின் கவனக்குறைவால் விடுபட்ட பட்டியலை ஏற்பதற்காக' என்பது அதன் முதல் வரி. அன்று சாயங்காலத்துக்குள் அவரோடு சேர்த்து நான்கு துறைத் தலைவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். சிலர் அந்த முதல் வரியை இரண்டு தடவை படித்துவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள். கல்லூரிக்குள் இருந்த மற்ற உறுப்பினர்கள் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார்கள். தமிழ்த் துறைத் தலைவர் சக்கரபாணியோ பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பின்னர்னா என்னா கெழமைங்க மேடம்?"

அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நீலாவதியும் சிரிக்க முயன்றார்.

"கேளுங்க சார். கேக்க வேண்டியதுதான்."

"மூணு வருஷம் முன்ன என் ஃபைலு ரெண்டு தடவ திரும்பி வந்துச்சு. இதே வரிக்கு. ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது."

"அப்ப நானும் கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்" என்றார் அவர்.

செவ்வாய்க்கிழமை செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் ஃப்யூஸ் கேரியர் செய்கிற பழமலையைப் பிடித்தார். தொழில் செய்பவர்கள் சார்பில் பேரவையில் இருப்பவர். களிமண் ஒட்டிய கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அது ஐந்து. புதன்கிழமை நல்லூருக்குப் போனார். பேரவையில் இருக்கிற வேளாண் அலுவலர் வயலுக்குப் போயிருக்க, ஆபீஸ் வாசலில் மூன்று மணி நேரம் காத்திருந்து வாங்கினார். ஆறு. வியாழக்கிழமை பெண்ணாடம். அங்கே சர்க்கரை ஆலை ஒன்றில் வேதியியலாளராக இருக்கிற அர்ச்சுனன் அரவைக்கு முந்தைய பழுதுபார்ப்பிலிருந்து எண்ணெய் படிந்த சட்டையோடு வந்தார்.

"ஃபோன்ல சொன்னா நானே வந்துருப்பனே மேடம். இந்த வெயில்ல ஸ்கூட்டில வந்தீங்களா?"

"விஷயத்தப் படிச்சிட்டுப் போடுங்க. அப்பிடியே போடாதீங்க."

அர்ச்சுனன் படித்தார். வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டார். "நான் நாலு வருஷமா மெம்பரு மேடம். எட்டுக் கூட்டம் வந்துருக்கேன். எத்தினி பாடத்துக்குக் கை தூக்கினேன்னு சத்தியமா தெரியாது. இந்த முப்பத்தொண்ணாம் நம்பருக்கும் தூக்கியிருப்பேன் இல்ல?"

"தூக்குனீங்க."

"அப்ப ஒங்க பேரு மட்டும் ஏன் எழுதியிருக்கீங்க?"

"பட்டியல் வைக்க வேண்டியது என் வேல. ஒங்க வேல இல்ல."

அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு தன் ஆட்களில் ஒருவரைக் கூப்பிட்டு மேடத்துக்கு மோர் வாங்கி வரச் சொன்னார். ஏழு.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி வரை எட்டாவது கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்து ஆட்கள் வெளியூரில் இருந்தார்கள். இரண்டு பேர் ஃபோனையே எடுக்கவில்லை. இன்னொருவர், ஒரு பெண்ணுக்காகப் பேரவையைக் கூட்டுவது வழக்கமில்லை என்று நல்லபடியாகவே சொல்லி மறுத்துவிட்டார். கனிமொழி காலையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டிருந்தாள். நீலாவதி எடுக்கவில்லை.

ஒன்றரை மணிக்குச் சக்கரபாணி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"திங்கக்கெழம ஒங்கள கிண்டல் பண்ணிட்டு வூட்டுக்குப் போனனா, மனசு கேக்கல. மறுநாள் என் ஃபைல எடுத்துப் பாத்தேன். நீங்க ரெண்டு தடவ திருப்பினீங்க இல்ல? மூணாவது தடவ எப்பிடி உள்ள போச்சுன்னு தெரியுமா?"

"பட்டியல் வச்சிருப்பீங்க."

"அந்த வரிய மட்டும் அடிச்சிட்டு அனுப்பிட்டேன். பட்டியல் வைக்கவே இல்ல. நீங்களும் வரி இல்லன்னு விட்டுட்டீங்க." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பதினோரு பேப்பர் மேடம். எங்க துறையில. எத்தினி பேரு நிக்கறாங்கன்னு எண்ணவே பயமா இருக்குது. குடுங்க அந்தத் தாள."

மூன்று மணிக்கு நோட்டீஸ் போனது.

இருபத்தொன்றாம் தேதி காலை பதினேழு பேர் வந்திருந்தார்கள். இடையில் இருந்த நாட்களில் நீலாவதி ஒவ்வொரு துறையாகப் போய்ப் பட்டியல் இருக்கிறதா என்று பார்த்து முடித்திருந்தார். நான்கு துறைகளில் இல்லை. கோரிக்கைத் தாளைப் படிக்க அவர் எழுந்தபோது முதல்வர் மெல்லிய குரலில், "அந்தக் கவனக்குறைவு வேணாமே மேடம். எடுத்துடலாம்" என்றார்.

"இருக்கட்டும் சார். இந்தக் கூட்டம் எதுக்குன்னு பின்னால யாராச்சும் கேட்டா அதுலயே பதில் இருக்கும்." நின்றபடி முழுசாகப் படித்தார். குரல் நடுங்கவில்லை.

"ஒரு பொண்ணுக்காக எங்க எல்லாரையும் வரவச்சிட்டீங்க" என்று யாரோ சொன்னார்கள். குற்றமாகச் சொல்லவில்லை. ஆனாலும் சொன்னார்கள்.

"ஒரு பொண்ணுக்காகத்தாங்க கேட்டேன். எண்ணிப் பாத்தா அப்பிடி நிக்கறவங்க முப்பத்தேழு பேரு."

அதற்குப் பிறகு யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எந்தத் தாளுக்கு எது இணை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார்கள். சக்கரபாணி வைத்த இரண்டு இணைகளை அர்ச்சுனன் கேள்வி கேட்டார். சர்க்கரை ஆலைக்காரருக்கு இலக்கணத் தாளில் என்ன வேலை என்று சக்கரபாணி சீண்ட, "படிச்சிட்டு வந்தேன் சார், மொத தடவையா" என்றார் அவர். ஒன்றேகால் மணிக்குத் தீர்மானம் நிறைவேறியது. இரண்டு மணிக்குத் தேர்வுப் பிரிவு புதிய பட்டியலை ஏற்றியது. இரண்டே காலுக்குக் கனிமொழி மோர்பியிலிருந்து தேர்வுக் கட்டணம் கட்டினாள்.

நவம்பரில் வந்து எழுதினாள். தினமும் அவள் பார்க்கிற உலையைப் பற்றித்தான் கேள்விகள். எழுபத்தெட்டு மதிப்பெண். பிப்ரவரியில் சான்றிதழ் போனது. முப்பத்தேழு பேரில் பத்தொன்பது பேர் அந்த முறையே எழுதினார்கள். மற்றவர்களின் முகவரிகளை நீலாவதி ஞாயிற்றுக்கிழமைகளில் தேடிக்கொண்டிருந்தார்.

ஏறக்குறைய ஒன்றரை வருஷம் கழித்துக் கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஓமன் நாட்டில் ஒரு டைல்ஸ் கம்பெனிக்காகச் சான்றிதழ்களைச் சரிபார்க்கிற நிறுவனம் அனுப்பியது. கனிமொழி என்பவர் பழைய பாடத்திட்டத்தில் சேர்ந்தவர், ஆனால் மதிப்பெண் பட்டியலில் புதிய பாடத்திட்டத்தின் தாள் ஒன்று இருக்கிறது, இதை அனுமதித்தது யார், எந்தத் தேதியில் என்று கேட்டிருந்தார்கள். நீலாவதி சிறப்புக் கூட்டத்தின் நோட்டீஸ், வருகைப் பதிவு, தீர்மானம் மூன்றையும் அனுப்பினார். கனிமொழிக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, மூன்றாம் ஆண்டு வகுப்பு முடிந்து அவர் வெளியே வந்தபோது ஃபோனில் ஒரு செய்தி இருந்தது.

"மேடம், எனக்கு ஓமன்ல லேப் இன்சார்ஜ் வேல கெடைச்சிருக்குது. என்கூட அப்ளை பண்ண ரெண்டு பேருக்கு சர்டிபிகேட் செக்கிங்ல இழுக்குது. எனக்கு மூணே நாள்ல ஓகே ஆயிடுச்சி, ஏன்னே தெரில. பத்தாந்தேதி கெளம்பறேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லல, பக்குவமா நானே சொல்றேன். அவரு அந்தப் பக்கம் வந்தா நீங்க வாய விட்டுடாதீங்க மேடம்."