நுரையக்கா வார்த்த இருக்கை

கார் பந்தய அருங்காட்சியகத்தில் அவருடைய பதவிப் பெயர் இருக்கைப் பராமரிப்பாளர். வேலைக்குச் சேர்ந்த அன்றே காவல்காரர் என்னைத் திருத்திவிட்டார். "அப்படிக் கேட்டா யாருக்கும் தெரியாது சார். நுரையக்கான்னு கேளுங்க."

நான் வேற்றூர்க்காரன். கார்களுக்கு முன்னால் வைக்கும் விளக்கப் பலகைகளை இரண்டு மொழிகளில் எழுதுவது என் வேலை. ஏதாவது தப்பாக எழுதி வேலை போய்விடுமோ என்று எதையும் ஒன்றுக்கு இரண்டு முறை விசாரிப்பேன். அப்படித்தான் அக்கா பழக்கமானார்.

"பலகைதானே எழுதுறீங்க எழுத்துக்காரரே, பரீட்சையா எழுதுறீங்க?" என்பார். ஆனால் கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொல்வார்.

பந்தயக் காருக்கு இருக்கையைக் கடையில் வாங்குவதில்லை என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஓட்டுநரை வெறும் கூடாக இருக்கும் காருக்குள் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் சாய்ந்து உட்கார வைத்து, பைக்குள் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றுவார்கள். அது நுரைத்துப் பொங்கும், சூடாகும், முதுகைச் சுற்றி ஏறி இறுகும். அதுவரை அவர் அசையக் கூடாது. இறுகிய பிறகு அந்தப் பள்ளம் அவர் ஒருவருக்குத்தான். கூடப் பிறந்தவன் முதுகுகூட அதில் அடங்காது.

அப்படிப்பட்ட இருக்கைகள் எங்கள் கூடத்தின் நீளச் சுவர் முழுக்கத் தொங்கின. "எல்லாம் முதுகு சார், ஆளைத்தான் காணோம்" என்பார் காவல்காரர். ஆள் நடமாடினால் தானாக எரியும் விளக்குகள் அங்கே. காலையில் நான் இந்தக் கோடியில் கதவைத் திறக்கும்போது சில நாள் அந்தக் கோடி விளக்கு முதலில் எரியும். கேட்டால், "பல்லி ஓடினாலும் எரியும் சார். நீங்க பல்லின்னே வெச்சுக்கோங்க."

அக்கா சோபா தைக்கக் கற்றவர். கல்யாணத்துக்கு முன்பே ஒரு பந்தய அணியின் பட்டறையில் சேர்ந்து நுரை வார்க்கப் பழகினார். சக்கரம் கழுவட்டும் என்று தன் தம்பியையும் அங்கே கூட்டிப்போனார். கழுவியவன் ஓட்டினான்; ஓட்டியவன் ஜெயித்தான்.

"எங்க வீட்டுக்காரர் பஸ் ஓட்டுறார். மஞ்சள் விளக்கைப் பாத்தாலே நின்னுடுவார். தம்பி பச்சைக்கே காத்திருக்க மாட்டான். ரெண்டு பேருக்கும் நடுவுல நான்" என்று சிரிப்பார்.

நுரை வார்க்கும்போது ஓட்டுநர் கனத்த சட்டை போட்டிருக்க வேண்டும் என்பது பட்டறை வழக்கம். அந்தச் சட்டையின் கனம்தான், அவசரத்தில் உருவிக்கொண்டு எழ அவருக்குக் கிடைக்கும் இடம். தம்பி அதைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

"இறுக்கமா இருந்தாத்தான்க்கா கார் பேசுறது முதுகுல கேக்கும்."

செல்லத் தம்பி. அக்கா ஊற்றிவிட்டார்.

அவனுடைய கடைசிப் பந்தயத்தில் கார் தடுப்புச் சுவரில் மோதி நின்றது. பின்புறம் பிடித்த தீயைச் சட்டென்று அணைத்துவிட்டார்கள். ஆனால் கூரையும் கதவும் உள்ள கார் அது. உள்ளே புகை சூழ்ந்துவிட்டது. ஓடிப்போனவர்கள் கதவைத் திறந்தபோது அவன் பெல்ட்டைத் தானே கழற்றியிருந்தான். கதவும் பழுதில்லை. அவன் மட்டும் எழுந்திருக்கவில்லை. இருக்கைதான் அவனை விடவில்லை என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். அக்காவின் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. ஊர் வாய்க்கு முகம் எதற்கு? அது அவர் காதுக்கு வந்துவிட்டது.

பின்புறத்தைச் சரிசெய்து, அவன் இருக்கையோடு காரை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். காரின் பின்னாலேயே அக்காவும் வந்து வேலைக்குச் சேர்ந்தார். அதற்கு அப்புறம் யாருக்கும் அவர் நுரை வார்க்கவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

போன வருடம் மேலாளர் அந்தக் காருக்குள் தம்பியின் உருவப் பொம்மையை உட்கார வைக்க ஆசைப்பட்டார். முகத்தை ஒரு சிற்பி செய்து தருவார். உடம்பை அக்கா செய்ய முடியுமா? அழுவார், மறுப்பார் என்று பயந்துகொண்டேதான் கேட்டார். அக்கா உடனே சரி என்றார்.

சாப்பாட்டு வேளையில் காரணத்தை என்னிடம் சொன்னார். "அதே உயரம், அதே எடை, அதே தோளு. உக்கார வெச்சு, தூக்கிப் பாத்துடலாம். சீட்டு அவனைப் புடிச்சுக்கிச்சா இல்லையா, அது ஒண்ணு தெரிஞ்சா போதும் எனக்கு."

கூடத்துக்குப் பின்னால் இருந்த அவருடைய அறையில் உடம்பு வளர்ந்தது. கம்பிக் கூடு, அதன்மேல் பஞ்சு, எடைக்கு மணல். சின்ன வயதில் சுவரிலிருந்து விழுந்து முறிந்து, கொஞ்சம் தூக்கியே கூடிய இடது தோள்பட்டை. அதைச் செய்யும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடிப் பெட்டியிலிருந்த தம்பியின் பந்தய உடுப்பை எடுத்து அதற்கு மாட்டினோம். உடுப்பின் முழங்கையில் பழைய மடிப்புகள் இருந்தன. கையை நீட்டி வைத்தால் அது தானாக, மெதுவாக மடங்கிக்கொண்டது.

அதன் பிறகு காவல்காரர் அந்த அறைக்கு டீ குடிக்க வருவதை நிறுத்திவிட்டார். "முகமே இன்னும் வரல சார். அதுக்குள்ள என்னைப் பாக்குது."

ஒரு நாள் நான் உள்ளே நுழைந்தபோது அக்கா அதட்டிக்கொண்டிருந்தார். "நிமிந்து உக்காரு. எத்தனை தடவை சொல்றது." என்னைப் பார்த்துவிட்டு நூலைப் பல்லால் கடித்தார்.

முகம் வந்ததும், பார்வையாளர் வராத விடுமுறை நாள் காலையில், மேலாளர் முன்னால் சோதித்தோம். காவல்காரரும் நானும் பொம்மையைத் தூக்கிக் காருக்குள் இறக்கினோம். உட்கார்ந்ததும் நுரைக்குள்ளிருந்து ஒரு மூச்சு வந்தது. களைத்தவர் நாற்காலியில் சாய்வதுபோல, நீளமான மூச்சு.

"இப்படித்தான் உக்காருவான்" என்றார் அக்கா. "இப்ப தூக்குங்க. அக்குள்ல கை குடுத்து. அன்னிக்கும் அப்படித்தான் தூக்கினாங்களாம்."

காவல்காரர் காலை ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்தார். அவ்வளவு பலம் தேவைப்படவே இல்லை. எழக் காத்திருந்ததுபோல அது வழுக்கி வந்துவிட்டது. அவர் மல்லாந்து விழ, பொம்மை அவர்மேல் கிடந்தது.

"இன்னொரு தடவை" என்றார் அக்கா. மறுபடி உட்கார வைத்தோம். மறுபடி அந்த மூச்சு. மறுபடி சுலபமாக வந்தது.

மேலாளருக்கு உண்மையிலேயே சந்தோஷம். "பாத்தீங்களாக்கா? சீட்டு மேல தப்பே இல்ல. உங்க மேலயும் இல்ல. இனிமேலாவது நிம்மதியாத் தூங்குங்க."

அக்கா காரின் கூரையில் கையை வைத்தபடி நின்றார். கூடத்தின் மறுகோடியில் விளக்கு ஒன்று எரிந்தது. நாங்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அப்ப அவன் ஏன் வரல?" என்றார்.

பெல்ட் கழன்றிருந்தது. கதவு திறக்கும். இருக்கையும் விட்டுவிடும். மேலாளர் என்னைப் பார்த்தார். இரண்டு மொழி தெரிந்தவன், ஏதாவது சொல்வேன் என்று நினைத்தாரோ என்னவோ. நான் குனிந்து பொம்மையின் கால் பக்கத்தைப் பிடித்தேன்.

பொம்மையைத் திரும்ப உட்கார வைத்ததும், பெல்ட்டையும் மாட்டினால் தத்ரூபமாக இருக்கும் என்றார் மேலாளர்.

"வேணாம். அவன் கழட்டினதை நாம மாட்ட வேணாம்."

அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. புதிய கண்காட்சி திறந்தது. பார்வையாளர்கள் வருகிறார்கள், பொம்மை உயிரோடு இருப்பதுபோலவே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

காலையில் போய்ப் பார்த்தால் பெல்ட் மாட்டியிருக்கிறது. எல்லா நாளும் இல்லை, சில நாள். தான் தொடவில்லை என்று காவல்காரர் பிள்ளைமேல் சத்தியம் செய்தார். மேலாளர் தனக்கு அந்தக் கொக்கியைப் போடவே தெரியாது என்கிறார். முதலில் இரண்டு மூன்று முறை எங்களை விசாரித்த அக்கா, இப்போது யாரையும் கேட்பதில்லை. வந்ததும் பையைக் கீழே வைக்கிறார். பெல்ட்டைக் கழற்றுகிறார். காரின் கதவை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு, ஒருவர் இறங்குவதற்கு வேண்டிய இடம் விட்டு, சற்றே ஒதுங்கி நிற்கிறார்.