சாமி அண்ணைக்குப் பயம் இருந்தது

செவ்வாய்க்கிழமை மதியம், ஹம்பேர்க்கில் நான் வேலை செய்யும் உணவகத்துக்குத் தொலைபேசி வந்தது. வுப்பர்டால் அகதி விடுதியிலிருந்து ராசன். "சாமி அண்ணை மோசம் போயிட்டார்" என்று சாவுச் செய்தி சொன்னான். வெளிநாட்டவர் அலுவலகத்தில், தன் முறைக்காகத் தாழ்வாரத்து வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோது நடந்திருக்கிறது. "பக்கத்திலை எங்கட ஆக்கள்தான் இருந்தவை. கண் மூடியிருந்தபடியால் தியானம் எண்டு நினைச்சு ஒருத்தரும் தட்டேல்லையாம்." பெயரைக் கூப்பிட்ட பிறகுதான் தெரிந்திருக்கிறது.

ஞானியின் சாவு என்று அங்கே விடுதியில் பேசிக்கொள்கிறீர்களாம். அவரை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பேச்சை விடுங்கள். அதைத் தொடங்கிவைத்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் சொல்கிறேன்.

அவருடைய பெயர் சிவபாதம். கொழும்பில் எழுதுவினைஞராக இருந்தவர். தமிழரைத் தேடி வெட்டிய ஆடிக் கலவரத்தில் மூன்று நாள் அயல்வீட்டுக் கூரைக்குள் படுத்துக் கிடந்து தப்பியவர். பயம் போகாதவனுக்கு ஞானம் கிட்டாது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, இங்கு வந்த பிறகு தியானம் பழகினார். அவருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

ஒருநாள் காலை விடுதிக்குப் பொலிஸ் சோதனைக்கு வந்தது. அறையில் இருந்த நாங்கள் எல்லோரும் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றோம். அவர் மட்டும் கட்டிலில் சம்மணமிட்டு, மூடிய கண் திறக்காமல் இருந்தார். வந்தவர்களே குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். அன்றைக்கே அவரைச் சாமி அண்ணை ஆக்கிவிட்டோம். சில மாதம் கழித்து என்னிடம் மட்டும் சொன்னார்: "குணம், நான் எழும்பாமல் இருக்கேல்லை. எழும்ப ஏலாமல் போச்சு. கால் ரெண்டும் விறைச்சிட்டுது." நான் சிரித்தேன். மனிதர் எவ்வளவு அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு விடுதியில் ஒரு வழக்கம் வந்தது. அலுவலகக் கடிதம் வந்தால் யாரும் தாமே பிரிப்பதில்லை. சாமி அண்ணையிடம் கொண்டுபோவார்கள். அவர் திருநீறு பூசிக்கொண்டு, உறையைக் கிழித்து, அகராதியும் கையுமாக வாசித்துச் சொல்வார். கை நடுங்காது. வியந்து பேசினால் எரிச்சல்படுவார். "மற்றவையின்ரை கடிதத்துக்கு நடுங்காது. அதிலை என்ன வீரம் கிடக்கு?"

அவருடைய கடிதமும் ஒருநாள் வந்தது. அவர் அதைப் பிரிக்கவில்லை. முருகன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டார். அதைப் பார்த்து எனக்குப் புல்லரித்தது. ஓடிப்போய்ச் சமையலறையில் எல்லோருக்கும் சொன்னேன்: "பாத்தியளே, கடிதத்தை முருகனிட்டையே குடுத்திட்டார். மனுசனுக்குப் பற்றே இல்லை." எல்லோரும் தலையாட்டினோம். மூன்று வாரம் கழித்து அவரே அதை எடுத்துவந்து, "நீ திற" என்று என்னிடம் நீட்டினார். அகதி விண்ணப்பத்தை மறுத்திருந்தார்கள். மேன்முறையீட்டுக்கு இரண்டு வாரம்தான் தவணை. வழக்கறிஞர் கையை விரித்துவிட்டார். "ஏன் அண்ணை நேரத்துக்குத் திறக்கேல்லை?" என்று கத்தினேன்.

"பயத்திலை" என்றார்.

அதன் பிறகு அவர் தியானத்துக்கு உட்காரவே இல்லை. "கண்ணை மூடினால், திருப்பி அனுப்பினால் கொண்டுபோய் இறக்கிற கட்டுநாயக்கா விமான நிலையம்தான் தெரியுது. பயத்தை விட்டால்தானே மற்றதெல்லாம். நான் வாசலிலையே நிண்டிட்டன்" என்றார். நாங்களோ, தியானமே தேவைப்படாத நிலைக்குப் போய்விட்டார் என்று பேசிக்கொண்டோம். அவர் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க ஆளில்லை.

எனக்கு வதிவிட அனுமதி கிடைத்து நான் ஹம்பேர்க்குக்குப் புறப்பட்டபோது, ரயிலடிவரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரயில் வரும் நேரத்தில் கேட்டார்: "குணம், காகிதம் கிடைச்சாப் பிறகும் உனக்குப் பயம் வாறேல்லையோ?"

"சீச்சீ, இனி எனக்கென்ன பயம்" என்றேன்.

"அப்ப நல்லது" என்று பையை என் கையில் தந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சொன்னது பொய். இன்றும் உணவகத்துப் பின்கதவை யாராவது தட்டினால், பொலிஸோ என்று கையிலிருக்கும் தட்டைக் கீழே வைத்துவிடுகிறேன். தன்னைப்போல் இன்னொருவன் இருக்கிறானா என்றுதான் அந்த மனிதர் கேட்டிருக்கிறார். அந்த ஒரு துணையைக்கூட நான் கொடுக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு அருளும் மிஞ்சவில்லை, அமைதியும் மிஞ்சவில்லை. அந்தக் கேள்விதான் மிஞ்சியிருக்கிறது. ஓம் அண்ணை, வாறது. ஒவ்வொரு நாளும் வாறது.