எட்டு மூச்சு

அந்த ரூட் பஸ்ஸில் ஹாரன் வேலை செய்யாவிட்டாலும் யாரும் புகார் கொடுத்ததில்லை. கண்டக்டர் இருந்தாரே, அது போதும். இருபத்தாறு வருடம் படிக்கட்டில் நின்று அவர் கத்திய கத்தலில் ‘சைரன்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

அப்படிப்பட்ட தொண்டையில்தான் கட்டி வந்தது. யாருக்கு எதைக் கொடுப்பது என்று நோய்க்கு ஒரு விவஸ்தையே கிடையாது. டாக்டர்கள் குரல்பெட்டியை எடுத்துவிட்டு, கழுத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் ஓட்டை வைத்து அனுப்பினார்கள். மூச்செல்லாம் அந்த வழிதான். பேச வேண்டுமென்றால் அதைக் கட்டைவிரலால் அடைக்க வேண்டும். உள்ளே வைத்த வால்வு வழியாகக் காற்று வாய்க்கு ஏறி, துருப்பிடித்த கதவு முனகுவதுபோல் ஒரு சத்தம் வரும். ஒரு மூச்சுக்கு மூன்று நான்கு வார்த்தை. எட்டு மூச்சு தாண்டினால் இருமல் வந்து ஆளையே குலுக்கிவிடும்.

கல்யாணம் செய்துகொள்ளாதவர். அக்கா வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தார். அக்காவும் அத்தானும் முப்பது வருடமாகக் கூப்பிட்டும் தங்கள் கிறிஸ்தவ சபைப்பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன், மூன்றாம் மாதம் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: ‘எனக்கு ஞானஸ்நானம் வேணும்.’

அக்கா அழுதாள். அத்தானும் அழுதார். அழுது முடித்ததும் சண்டை ஆரம்பித்தது.

சபையே அப்போது இரண்டுபட்டுக் கிடந்தது. தண்ணீரில் முழுக்கினால்தான் ஞானஸ்நானம் என்று ஒரு கட்சி. தலையில் ஊற்றினாலும் செல்லும் என்று இன்னொரு கட்சி. முதல் கட்சிக்குத் தலைவி அக்கா. இரண்டாவதற்குத் தலைவர், வேறு யார், அத்தான்தான். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பிரிவதா வேண்டாமா என்று கை தூக்கச் சொல்லப்போகிறார்கள். பிரிகிறவர்களின் கையெழுத்துத் தாள் அக்காவின் கைப்பையில் தயாராக இருந்தது.

சைரனைத் தண்ணீரில் முழுக்க முடியாது. ஓட்டைக்குள் தண்ணீர் போனால் நேரே நுரையீரல்.

“பாத்தியா? உன் சட்டம் உன் தம்பியையே கொன்னுடும்,” என்றார் அத்தான், பரிசு விழுந்த மாதிரி.

“தம்பிக்காக வளைச்சா அதுக்குப் பேர் வேத வசனமா, வெறும் வயரா?” என்றாள் அக்கா. சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

சைரன் கட்டைவிரலை வைத்தார். “கை தூக்குறதுக்கு முன்னாடி...” மூச்சு. “என்னச் சேத்துக்கங்க.” மூச்சு. “அப்புறம் பாதி சபையில சேர...” மூச்சு. “நான் என்ன அரை டிக்கெட்டா?”



அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானம் எடுக்கிறவர் எல்லார் முன்னாலும் நின்று, ஒரு சின்ன நீலப் புத்தகத்தின் இருபத்துநாலு கேள்விகளுக்கும் வாயால் பதில் சொல்ல வேண்டும். போதகர் நல்ல மனுஷன், கொஞ்சம் பயந்தவர். “தலையில ஊத்துறது என் பொறுப்பு. பதில், முடிஞ்ச அளவு சொல்லுங்க. எதச் சொல்றதுன்னு நீங்களே பாத்துக்கங்க,” என்று சொல்லி நழுவிவிட்டார்.

இருபத்துநாலு கேள்வி, எட்டு மூச்சு.

சைரன் பென்சிலோடு மாடியில் உட்கார்ந்தார். முதல் நாள் சுலபமாகத்தான் போனது. கடைசி காலத்தில் கிறிஸ்துவின் ஆயிரம் வருட ஆட்சி எப்போது தொடங்கும் என்ற கேள்வி, அடித்தார். சபையை யார் ஆளுவது, அடித்தார். தண்ணீர் எவ்வளவு, கொஞ்சம் யோசித்து அடித்தார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்ற அத்தானின் செல்லக் கேள்வியையும் அடித்தார். அதற்கப்புறம் பென்சில் நகரவில்லை.

ஆபரேஷன் அன்று காலை தள்ளுவண்டியில் படுத்திருந்தது நினைவுக்கு வந்தது. விட்டத்து விளக்குகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் போயின. சொந்தக் குரலில் அவர் கடைசியாகப் பேசியது அப்போதுதான், இயேசுவிடம். “நீங்க செத்து எந்திரிச்சது நெசந்தானே? அத நம்பித்தான் உள்ள போறேன்.” தள்ளிக்கொண்டு போனவர் தன்னிடம்தான் பேசுகிறார் என்று நினைத்து, “ஆமாங்க ஆமாங்க, பயப்படாதீங்க,” என்றார்.

புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து புரட்டினார். அந்த வண்டியில் எந்தப் பதில் தன்னைத் தாங்கியது? இவ்வளவு சின்னப் புத்தகத்துக்குள் இவ்வளவு பெரியதை யார் மடித்து வைத்தார்கள் என்றிருந்தது.

சனிக்கிழமை காபி கொண்டுவந்த அக்கா அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டாள். “என் கேள்வியவே அடிச்சிட்டியாடா?”

பின்னாலேயே வந்த அத்தான் ஆவலாக எட்டிப் பார்த்தார். தன்னுடையதும் அடிபட்டிருந்தது. முகம் தொங்கிவிட்டது.

சைரன் விரலை வைத்தார். “தப்புன்னு அடிக்கலக்கா. மூச்சு பத்தல.”

அக்கா காபி ஆறும்வரை அந்தப் பென்சில் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிறு. சபைக் கூடத்தின் நடுப்பாதைக்கு இந்தப்பக்கம் ஒரு கட்சி, அந்தப்பக்கம் ஒரு கட்சி. சைரன் முன்னால் போய் நின்றார். விரல் கழுத்துக்குப் போனது.

“நான் பாவி.”

விரலை எடுத்தார். காற்று உள்ளே போகும் சீறல் கடைசி வரிசைவரை கேட்டது.

“இயேசு தேவகுமாரன்.”

“எனக்காகச் செத்தாரு.”

“மூணாம் நாள் எந்திரிச்சாரு.”

“சும்மாவே மன்னிச்சாரு.”

ஆறாவது மூச்சு. கண்ணில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. “டிக்கெட் கேக்கல.”

யாரும் சிரிக்கவில்லை. இருப்பதே எட்டு, அதில் ஒன்றை இந்த மனுஷன் நமக்காகச் செலவழித்துவிட்டான் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

“திரும்ப வருவாரு.”

எட்டாவது மூச்சை ‘ஆமென்’னுக்கு வைத்திருந்தார். அதற்குள் இருமல் முந்திக்கொண்டது. அவர் குனிந்து குலுங்க, அந்த வார்த்தை இரண்டு பக்கத்திலிருந்தும் ஒன்றாக எழுந்து வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அந்தக் கூடம் ஒரே சமயத்தில் சொன்ன முதல் வார்த்தை.

போதகர் செம்பை எடுத்தார். தண்ணீர் கழுத்துக்கு இறங்கினால்? துண்டு பிடிக்க ஆள் வேண்டும். அத்தான் எழுந்தார். அவருக்கு முன்னால் அக்கா போய்விட்டாள். கைப்பை நாற்காலியிலேயே கிடந்தது, தாளோடு.

ஒரு கையால் துண்டை மடித்துத் தம்பியின் கழுத்தைச் சுற்றிப் பிடித்தாள். மறு கையை ஓட்டைக்கு முன்னால் கூரைபோல் கவித்தாள். தண்ணீர் தலையில் விழுந்து, காதோரம் வழிந்து, அவள் முழங்கைவரை நனைத்தது. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. அவர் மூச்சு மட்டும் அவள் உள்ளங்கையில் சூடாக வந்து வந்து போனது.

“நான் இன்னும் ஒத்துக்கலடா,” என்றாள் காதருகில். “இது முழுசு இல்ல.”

அவர் தலையாட்டினார்.

“ஆனா நீ எங்க சபை.”

அன்று கை தூக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சண்டை தீர்ந்துவிடவில்லை; அடுத்த புதன்கிழமையே அக்காவும் அத்தானும் சாப்பாட்டு மேஜையில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். மாடியிலிருந்து இரண்டு தட்டு சத்தம் கேட்டது. பஸ்ஸில் ‘போலாம்’ என்று அடிப்பாரே, அதே தட்டு. இருவரும் சிரித்துவிட்டு, சோற்றைப் போட்டுக்கொண்டு, மறுபடி தொடர்ந்தார்கள்.