ரயில் லேட்டானால் பஸ்?

இந்த வாரம் எழுத வேண்டாம் என்றுதான் பேனாவை மூடி வைத்தேன். வழக்கமான கிண்டல் எதுவும் கைவசம் இல்லை. இருப்பது இது ஒன்றுதான்.

என் ரூம்மேட் ராமு பி.யூ.சி. கணக்கில் கோட்டை விட்டவன். மறுபடி எழுதத் திண்டிவனத்தில் டுட்டோரியல் போகிறான். நான்? எட்டாவதோடு கணக்குக்குக் கும்பிடு போட்டவன். போன மாதம் ஒருநாள் 'காம்போசிட் ஃபங்ஷன்' என்று முனகிக்கொண்டிருந்தான்.

"ஃபங்ஷனா? பந்தி உண்டாடா?"

"வாய மூடிகினு கேளு. மல்லாட்டைய, அதான் வேர்க்கடலைய, ஒடைச்சா பருப்பு. பருப்ப ஆட்டுனா எண்ணெ. இத்தினி மூட்டைக்கு எத்தினி எண்ணெ?"

"செக்குக்காரன கேளு."

"அவன் திருப்பிக் கேப்பான், பருப்பு எவ்ளோன்னு. அவனுக்கு மூட்டை கணக்கு வேணாம். மொத வேலையில இன்னா வருதோ, அதான் ரெண்டாவதுக்குள்ள போவணும். அவ்ளோதான்டா பாடம்."

அட, எனக்கே புரிந்துவிட்டதே! "நீ பாஸுடா" என்றேன்.

மறுநாள் காலை தந்தி வந்தது. பனமலைப் பக்கம் அவன் ஊர். அப்பாவுக்கு சீரியஸ்... உடனே வா.

விழுப்புரம் வரை ரயில், அப்புறம் பஸ். நானும் கூடவே ஏறினேன். அந்த ஊருக்கு பஸ் விட்டே மூன்று மாதம்தான்; ராமு அதில் ஏறியதில்லை. பகல் பன்னிரண்டுக்கு ஒன்று, விட்டால் சாயங்காலம் என்று ஸ்டாண்டில் போர்டு இருக்கும்.

விக்கிரவாண்டியில் ரயில் நின்றது. நின்றது... நின்றுகொண்டே இருந்தது. மணி பன்னிரண்டைத் தாண்டியது.

"பஸ்ஸு போயிருக்கும்டா. எறங்கு, சைக்கிள்ல போயிரலாம்" என்றான் ராமு.

வாடகை சைக்கிள் எடுக்கும்போதே ரயில் ஊதிக்கொண்டு கிளம்பிவிட்டது. வெயிலில் மாறி மாறி மிதித்தோம். எனக்குக் கிண்டல் வாயில் வரவில்லை. "என்னைய ஒருவாட்டி பாத்தா போதும்டா அப்பாவுக்கு" என்று மட்டும் சொன்னான்.

தெருமுனையிலேயே ஒப்பாரி கேட்டது.

அவன் சித்தப்பா ஓடிவந்து கையைப் பிடித்தார். "இன்னா கண்ணு, பஸ்ஸுல வரலியா? ரயிலு எவ்ளோ லேட்டானாலும் அந்த ஆளுங்கள ஏத்திகினுதான பஸ்ஸு கெளம்பும்? விட்ட நாள்லேர்ந்து அப்பிடித்தான? பஸ்ஸு வந்த சத்தம் கேட்டு உங்கப்பா தலைய தூக்கி வாசலப் பாத்தாரு. நீ எறங்கல..."

அந்த பஸ் கணக்குக்குள் போட வேண்டியது கடிகாரத்தை அல்ல, ரயில் வந்து சேரும் நேரத்தை. எனக்குப் பாடம் சொன்னவன், அன்றைக்குத் தப்பாகப் போட்டுவிட்டான்.

நாம் மட்டும் என்ன வாழ்ந்தோம்? யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரியாமலே, 'போயிருப்பார்கள்' என்று முடிவு கட்டுகிறவர்கள்தானே...

காரியம் முடிந்து ரூமுக்கு வந்தவனிடம், "ரயிலு லேட்டானதுக்கு நீ இன்னாடா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"பஸ்ஸு எத பாத்துக் கெளம்பும்னு, அந்த ரயில்ல ஒரு ஆள கேட்டிருக்கலாமில்லடா."