எங்கள் வார்டின் ஜெர்மன் வார்த்தை

1. பங்குனி மாதத்துப் பேதி

அஞ்சலையை மாட்டுவண்டியிலிருந்து இறக்கியபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. பங்குனி வெயில். திண்டிவனத்துக்கு வெளியே இருந்த எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் பேதிக் கேஸ்களால் பெட் எல்லாம் நிரம்பி, வராந்தாவில் பாய் போட்டு ஆட்களைப் படுக்க வைத்திருந்தோம். ஸ்டாண்டு போதாமல் டிரிப் பாட்டிலை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட நேரம் அது. இதில் இன்னொன்றா என்று நினைத்தேன். நர்ஸ் என்றால் அன்பே உருவானவள் என்று நம்பிக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

வானூர்ப் பக்கத்துக் கிராமம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் கூலி வேலை. கூட வந்தது புருஷன் ஏழுமலை மட்டும்தான். விடியற்காலையிலிருந்து வாந்தியும் பேதியும் நிற்கவில்லை என்றான். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டதற்குக் கேப்பைக் கூழ் என்றான். அதே கூழைத்தான் அவனும் குடித்திருக்கிறான், ஆனால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் டாக்டரம்மா எல்ஸா ஜெர்மனியிலிருந்து வந்தவர். வந்து நாளாகியும் 'வலி எங்கே', 'நாக்கு காட்டு', 'நாளைக்கு வா' இவற்றுக்கு மேல் தமிழ் வரவில்லை. எங்களிடம் இங்கிலீஷில் பேசுவார். நோயாளிகளிடம் பேசுவதெல்லாம் எங்கள் வாய் வழியாகத்தான். அஞ்சலையைப் பார்த்துவிட்டுத் தொண்டை எரிகிறதா என்று கேட்கச் சொன்னார். எரிகிறது என்றாள். நாக்கும் உதடும் மரத்துக் கிடக்கிறது என்றாள். டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, இது வார்டில் இருக்கும் மற்ற பேதி மாதிரி இல்லை, எதையோ தின்றிருக்கிறாள், என்னவென்று கேட்டுச் சொல் என்றார்.

புருஷனை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.  மெதுவாகச் சொன்னாள்.

"மல்லாட்ட கொல்லையில வேலியோரம் கெழங்கு கெடந்துச்சு சிஸ்டர். காட்டு வள்ளின்னு நெனச்சு நெருப்புல சுட்டுத் தின்னுட்டேன். அவருகிட்ட சொல்லாதீங்க. நேத்துதான் மாமியாகூட சண்ட. வேணும்னே தின்னுட்டான்னு ஊரே பேசும்."

கிழங்கு எப்படி இருந்தது என்று கேட்டேன். இரண்டு விரல்களை விரித்துக் காட்டினாள், கலப்பை மாதிரி கவட்டையாக. அது கண்வலிக்கிழங்கு. செங்காந்தள் கொடியின் கிழங்கு. மழைக்காலத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கும்போது எங்கள் பக்கத்தில் குழந்தைகூட அந்தக் கொடியைத் தொடாது. பங்குனியில் கொடி காய்ந்து மண்ணோடு மண்ணாகியிருக்கும். அடியில் கிழங்கு மட்டும் இருக்கும். பசித்தவள் கையில் அது கிடைத்தால் காட்டு வள்ளிதான்.

2. புல்வெளிப் பூ

இதற்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் விழுப்புரத்தில் டிரெயினிங்கில் இருந்தபோது இதே கிழங்கைத் தின்ற ஒருவரைப் பார்த்திருந்தேன். முதல் நாள் வாந்தி பேதி, அடுத்த நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார், அதற்கு அடுத்த நாள் இறந்துபோனார். கொடியும் பூவும் எப்படி இருக்கும் என்பதோடு அதையும் சொன்னேன். டாக்டரம்மாவின் முகம் மாறியது. வாயில் ஒரு ஜெர்மன் வார்த்தை வந்தது. ஹெர்ப்ஸ்ட்ஸைட்லோஸ.

அவர் ஊரில் மாடு மேயும் புல்வெளியெல்லாம் பரவிக் கிடக்கும் செடியாம் அது. குளிர் வருவதற்கு முன்னால் இலையே இல்லாமல் ஊதாப் பூ மட்டும் தரையிலிருந்து நிற்கும். குளிர் முடிந்ததும் பூ இல்லாமல் இலை மட்டும் வரும். சமையலுக்குக் காட்டுக் கீரை பறிக்கப் போகிறவர்கள் அந்த இலையையும் சேர்த்துப் பறித்துவிடுவார்கள். அப்படித் தின்ற பக்கத்து வீட்டுக்காரரை அவர் சிறுவயதில் பார்த்திருக்கிறார். புத்தகத்தைப் புரட்டி இரண்டு செடியிலும் ஒரே விஷம்தான் என்று காட்டினார். முறிவு மருந்து கிடையாது. டிரிப் ஏற்ற வேண்டும், சிறுநீரைப் பார்க்க வேண்டும், ரிப்பேருக்குப் போயிருந்த மிஷன் ஜீப் வந்ததும் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். நடுவில் தெளிவது போல வரும் நாளை மட்டும் நம்பக்கூடாது.

எங்கள் வார்டில் ஒரு பழக்கம் இருந்தது. நோயாளி காதில் விழக்கூடாத வார்த்தைகளை ஜெர்மனில் சொல்வோம். சாவு, புற்றுநோய் எல்லாவற்றுக்கும் டாக்டரம்மா எங்களுக்கு வார்த்தை கற்றுக்கொடுத்திருந்தார். பிளஸ் டூ முடித்துவிட்டு நர்ஸிங் வந்த எங்களுக்கு அதில் பெருமை வேறு. விஷம் என்று வாய்விட்டுச் சொன்னால் போலீஸ் கேஸ் என்று பயந்து, டிரிப் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்பதும் உண்மைதான். போலீசுக்குத் தகவல் அனுப்புவதை டாக்டரம்மா தன் பொறுப்பில் வைத்துக்கொண்டார். புருஷனிடம் சொல்லவேண்டாம் என்று அஞ்சலை வேறு கேட்டிருந்தாள். அதனால் அன்று அவள் தலைமாட்டில் நின்று நாங்கள் இருவரும் அந்தப் பூவின் பெயரிலேயே பேசிக்கொண்டோம். என் உச்சரிப்பை டாக்டரம்மா இரண்டு தடவை திருத்தினார். கேஸ் ஷீட்டிலும் அதையே எழுதினார்.

மறுநாள் எனக்கு வார லீவு. விழுப்புரத்தில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. கிளம்பும்போது ஏழுமலையிடம், நான் திரும்பி வரும்வரை இவளை எங்கேயும் கூட்டிப் போகக்கூடாது என்று சொன்னேன். சரிங்க சிஸ்டர் என்றான்.

3. காலிப் படுக்கை

நான் திரும்பி வந்தபோது படுக்கை காலியாக இருந்தது.

முந்தின நாள் அஞ்சலை எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். கஞ்சி குடித்திருக்கிறாள். தலை வாரிக்கொண்டிருக்கிறாள். கொல்லையில் பாதி மல்லாட்டை பிடுங்காமல் கிடக்கிறது, உடம்பு சரியாகிவிட்டது, போகலாம் என்று புருஷனும் பெண்சாதியுமாகக் கிளம்பியிருக்கிறார்கள். டூட்டியில் இருந்தவள் கேரளத்திலிருந்து புதிதாக வந்த பெண். அவளுக்கும் தமிழ் தகராறு. டாக்டரம்மாதான் கேட் வரை ஓடி மறித்திருக்கிறார்.

"எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன்" என்றார் என்னிடம்.

எந்த மொழியில் சொன்னீர்கள் என்று கேட்டேன். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

பாண்டிச்சேரிக்கென்று வந்து நின்ற ஜீப்பை வானூர்ப் பக்கம் திருப்பினோம். ஊருக்குள் நுழையும்போதே பறைச் சத்தம் கேட்டது. விடியற்காலையில் போய்விட்டாள்.

ஏழுமலை அழவில்லை. எங்களைப் பார்த்து எழுந்து வந்தான்.

"டாக்டரம்மா காயிதத்துல ஒரு பூவ வரஞ்சி காட்டுனாங்க சிஸ்டர். ஒரு பேரத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கினே இருந்தாங்க. அந்தப் பூவ நான் பாத்ததே இல்லீங்க. எங்க ஊர்ல அது கெடையாதுன்னு சொல்லிட்டு இட்டுக்கினு வந்துட்டேன். என்னா பூங்க அது?"

சொன்னேன். எந்தக் கிழங்கு என்றும், எப்படித் தவறிப்போய்த் தின்றாள் என்றும் சொன்னேன். அவளுக்குக் கொடுத்த வாக்கை இனி யாருக்காகக் காப்பாற்றுவது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"கண்வலிக்கெழங்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கால்ல வுழுந்தாவது அங்கயே கெடந்திருப்பேனே."

என்ன சொல்கிறான் என்று டாக்டரம்மா கேட்டார். அதுவரைக்கும் எந்தப் பக்கத்துக் கடுமையையும் கொஞ்சம் தணித்துத்தான் மறுபக்கத்துக்குச் சொல்வேன். நல்ல மொழிபெயர்ப்பு என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன். அன்று தணிக்கவில்லை. அவன் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அங்கேயே இருந்திருந்தால் அஞ்சலை பிழைத்திருப்பாளா? தெரியாது. அந்தக் கிழங்கைத் தின்றவர்களில் பிழைத்தவர்களையும் பிறகு பார்த்திருக்கிறேன், போனவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்து முடிவெடுக்கும் உரிமை அவள் புருஷனுக்கு இருந்தது. அதை நாங்கள் அவனுக்குத் தரவில்லை.

திரும்பும் வழியில் டாக்டரம்மா அந்தக் கிழங்கின் தமிழ்ப் பெயரைக் கேட்டார். சொன்னேன். நாக்கு புரளவில்லை. ஆஸ்பத்திரி வரும்வரை சொல்லிப் பழகிக்கொண்டே வந்தார். அன்றோடு வார்டில் ஜெர்மன் வார்த்தைகள் நின்றன.

இப்போது டூட்டிக்குப் போகும் பிள்ளைகளே, உங்கள் டாக்டர்கள் உங்களுக்கு நிறையப் புது வார்த்தைகள் கற்றுத்தருவார்கள். கற்றுக்கொள்ளுங்கள். கற்ற அன்றே, லீவில் போகும் முன்பே, நோயாளியின் வீட்டில் அதற்கு என்ன பெயர் என்று டாக்டருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போங்கள். அவர் கேட்கமாட்டார். நீங்களாகவே சொல்லுங்கள்.