மல்லிகா அக்கா பார்த்த உளுவை

மல்லிகா அக்கா போயிட்டாங்க. நேத்து காலையில. ஹார்ட்... டாக்டரே சொல்லிட்டாரு.

இத ஏன் முதல்லயே எழுதுறேன்னா, கரங்கான்ல அவங்க வீட்டுல வேற கதை ஓடுது. "இவதான் கடலுக்குக் கூட்டிட்டுப் போய் எங்க அக்கா உடம்பக் கெடுத்தா"ன்னு அவங்க தம்பி என்னைக் கைகாட்டிச் சொன்னாரு. அத்தனை பேர் முன்னால.

சரி, நான்தான் கூட்டிட்டுப் போனேன். அதுக்கு இப்ப என்ன?

கூலிம் ஹைடெக்ல, சிப் பேக்டரியில ஒன்பது வருஷம் ஒரே லைன்ல பக்கத்துப் பக்கத்துல உக்காந்தோம். சிப்ல முடி அளவு கீறல் இருந்தாலும் அக்கா கண்ணுக்குத் தப்பாது.

ஒரு தடவ கம்பெனி டிரிப். கோலா கெடாவுல படகு ஏறித் தீவுக்குப் போனோம். எல்லாரும் குட்டிச் சுறா பின்னாடி கத்திக்கிட்டு ஓடுறாங்க. அக்கா மட்டும் இடுப்பளவு தண்ணியில, தண்ணிக்குள்ள பாக்குற இரவல் மாஸ்க்கப் போட்டுக்கிட்டு, ஒரே பவளக் கல்லக் குனிஞ்சு பாத்துக்கிட்டு... ஒரு மணி நேரம்!

"அக்கா, சுறா லா! வாங்க!"

"சுறாவ நீயே பாரு. இங்க ஒரு உளுவை மீனு உக்காந்திருக்குடி. நம்ம எஸ்டேட் ஆத்துல கல்லு மேல குந்தியிருக்குமே, அதே ஜாதி. ஆனா இத்துனூண்டு!"

பாத்தேன். சுண்டுவிரல் நகம் அளவுதான். உடம்பு கண்ணாடி மாதிரி, அதுல சிவப்புச் சிவப்பா புள்ளி.

அக்கா விரல நீட்டினா பொந்துக்குள்ள ஓடிடும். கொஞ்ச நேரம்தான்... அதே கல்லு, அதே இடம், திரும்ப வந்து உக்காந்துக்கும்.

"எவ்ளோ திமிர் பாரு இதுக்கு!"ன்னு சிரிச்சாங்க. உப்புத் தண்ணியக் குடிச்சு, இருமி, மறுபடியும் சிரிப்பு. புருஷன் செத்ததுக்கு அப்புறம் அவங்க அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல.

அப்புறம் வருஷா வருஷம் நாங்க ரெண்டு பேர் மட்டும் போனோம். அக்கா சொந்தமா ஒரு ஊதா கலர் மாஸ்க் வாங்கினாங்க. "தாலி அறுத்தவளுக்குக் கடல் குளியல் ஒண்ணுதான் கேடு"ன்னு வீட்டுல பேச்சு. அக்கா போறத நிறுத்தல. மாஸ்க்க மட்டும் என் வீட்டுல வெச்சுட்டாங்க.

நேத்து அதத்தான் எடுத்துட்டுப் போனேன். சவப்பெட்டிக்குள்ள அக்காகூடப் பட்டுப் புடவை வெச்சிருக்காங்க, மூக்குக் கண்ணாடி வெச்சிருக்காங்க... இது மட்டும் ஆகாதாம். "வெளிய போ"ன்னாரு தம்பி.

போயிட்டேன். கார்ல உக்காந்து அழுதேன். ஆமா, அழுதேன்.

அண்ணே, அக்கா தம்பி உங்களத்தான் சொல்றேன், இந்தப் போஸ்ட்ட யாராவது உங்களுக்குக் காட்டுவாங்கன்னு தெரியும். நல்லா படிச்சுக்குங்க. இன்னிக்கு ரெண்டு மணிக்கு எடுக்குறீங்க. அதுக்கு முன்னாடி நான் வர்றேன், மாஸ்க்கோட. நேத்து நீங்க வெரட்டின அதே இடத்துல, அக்கா தலைமாட்டுல உக்காருவேன்.

வெரட்டுங்க. மறுபடியும் அங்கயே வந்து உக்காருவேன்.

அக்கா... கொஞ்சம் பொறுங்க. உங்க மாஸ்க் வந்துக்கிட்டு இருக்கு.