சங்கிலி வாங்கி வந்த ரொட்டி

1936 மாசியில் சங்கிலிக்கு வயது நாற்பத்திரண்டு. அதில் சரிபாதி, மில் துரை ஒருவரின் பங்களா அடுப்படியில் கழிந்திருந்தது. செல்லூர்ச் சந்திலிருந்த தன் வீட்டில் அவன் ஒருநாளும் கரண்டியைத் தொட்டதில்லை. அங்கே மனைவி ஒச்சாயி வைத்ததுதான் குழம்பு.

மகள் தங்கப்பொண்ணைப் பெண் கேட்டு இரண்டு இடத்திலிருந்து வந்து போய்விட்டார்கள். பங்களாக்காரன் மகள் களையெடுக்கக் குனிவாளா என்று இரு வீட்டாருக்கும் சந்தேகம். மூன்றாவதாகத் திருவாதவூர் மலைச்சாமியும் அவர் மனைவி சோணையம்மாளும் தங்கள் மகனுக்காகப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இதுவும் தட்டிப்போய்விடக் கூடாது என்பதே சங்கிலியின் கவலை. தனக்குத் தெரிந்த வித்தையில் பெரியதை இறக்கிவிடுவது என்று முடிவு செய்தான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் துரை இன்னொரு தடவை கேட்டு வாங்கித் தின்னும் பலகாரம் அது.

“பணியாரம் போதும்யா. வெள்ளைக்காரன் தீனியெல்லாம் அவுகளுக்கு ஆகுமா?” என்றாள் ஒச்சாயி.

“நீ சும்மா இருடி. தின்னுட்டு எந்திரிக்க மாட்டாக பாரு.”

அவர்கள் வரும் நாள் விடிந்ததும் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் முழு ரொட்டி ஒன்று வாங்கி வந்தான். தடித்த துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றின் வயிற்றிலும் கத்தியால் பை மாதிரி கீறினான். சிறுமலை வாழைப்பழத்தைப் பாலேடு, சர்க்கரை, ஏலக்காயோடு பிசைந்து உள்ளே அடைத்தான். முட்டையும் பாலும் அடித்த சட்டியில் துண்டுகளைப் புரட்டி, தோசைக்கல்லில் நெய் விட்டுப் போட்டான். தங்கப்பொண்ணு கூட நின்று திருப்பிவிட்டாள்.

விருந்தாளிகள் ஒத்தக்கடை வரை நடந்து, அங்கே பஸ் ஏறி, எட்டு மணிக்கு வந்து சேர்ந்தார்கள். செம்புத் தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோன சோணையம்மாள், அடுப்படியில் கிடந்த மீதி ரொட்டியைப் பார்த்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தாள்.

“வீட்ல யாருக்குக் காய்ச்சல்?”

காய்ச்சல் கண்ட வீட்டைத் தவிர அந்தச் சந்திலும் யாரும் ரொட்டி வாங்கியதில்லை. பங்களாவே கதியென்று கிடந்த சங்கிலிக்கு அது அடியோடு மறந்து போயிருந்தது.

“யாருக்கும் ஒண்ணுமில்ல தங்கச்சி. பலகாரத்துக்கு வாங்குனது.”

“எங்களுக்கு ரொட்டி தெரியாதாண்ணே? போன வருசம் இவுக விசக்காய்ச்சல்ல படுத்தப்ப, ஆசுபத்திரில பதினஞ்சு நாளும் இதத்தான குடுத்தாக. புள்ளைக்கு மேலுக்கு முடியலைன்னா சொல்லிற வேண்டியதுதான? மறைக்கலாமா?”

சொன்ன கையோடு அடுப்படிக்குள் போய்த் தங்கப்பொண்ணின் கழுத்தில் புறங்கையை வைத்தாள். “சுடுதே!”

சங்கிலி எழுந்து அடுப்படி வாசலுக்கு ஓடினான்.

“அடுப்பு முன்னாடி நின்னா சுடாம குளுருமா அத்தை?” என்றாள் தங்கப்பொண்ணு. “நீங்களும் இங்கன அஞ்சு நிமிசம் நில்லுங்க. உங்களுக்கும் காய்ச்சல் வந்துரும்.”

மலைச்சாமி சிரித்துவிட்டார். சோணையம்மாள் சிரிக்கவில்லை. பலகாரத்தில் ஒரு துண்டை எடுத்துத் தங்கப்பொண்ணிடம் நீட்டினாள். காய்ச்சல் நாக்குக்குச் சர்க்கரையும் கசக்கும், உள்ளே இறங்காது என்று அவளுக்குத் தெரியும். தங்கப்பொண்ணு நின்ற இடத்திலேயே அதைத் தின்றுவிட்டு இன்னொன்றையும் எடுத்துக்கொண்டாள்.

மலைச்சாமிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. “எனக்கொண்ணு குடு தாயி” என்று கை நீட்டினார். நெய்யும் ஏடும் முழங்கை வரை வழிந்தன.

“ஏ மாப்ள, ஆசுபத்திரில இதக் குடுத்திருந்தா நான் இன்னமும் அங்கனயேதான் படுத்துக் கெடந்திருப்பேன்!”

“நீங்க எதைக் குடுத்தாலும் திம்பீக” என்றாள் சோணையம்மாள். பிறகு ஒச்சாயியிடம், “மதினி, காய்ச்சல் ஏறுதான்னு உச்சி வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போறோம்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் ஏறியதும் தங்கப்பொண்ணோடு கிணற்றுக்குப் போனாள். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று குடம் சுமந்து அந்தப் பெண் மூன்று நடை நடந்ததைப் பின்னாலேயே வந்து பார்த்தாள். வீடு திரும்பியதும் அவளுக்கே பசி. ஆறிப்போயிருந்த துண்டு ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

“இனிப்புக் கொஞ்சம் தூக்கல்” என்றாள். ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

எட்டாம் நாள் திருவாதவூரிலிருந்து ஒருவர் வந்து, பங்குனியில் கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று என்று சொல்லிவிட்டுப் போனார்.